நாலு பேரும் ஒரே ஆளாட்ட இருந்த கேம்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோயமுத்தூர் பீளமேட்டுல ஒரு வீட்டு மாடியில உக்காந்து ஒரு சின்ன டீம் ஃபேண்டஸி ஆர்பிஜி ஒண்ணு பண்ணிட்டு இருக்காங்க, அதாவது ஒரு ஹீரோவா மாறி, பார்ட்டின்னு சொல்ற ஒரு அணியைக் கூட்டிட்டுப் போயி ஆடற வீடியோ கேம். டர்ன் டர்னா சண்டை, ஹீரோவைச் சேத்து நாலு பேரு பார்ட்டி, கூட்டாளிங்க மொத்தம் ஆறு பேரு, ஒரு நேரத்துல மூணு பேரைத்தான் கூட்டிட்டுப் போக முடியும். நாடு கற்பனை நாடுதான், ஆனா மேப்பைப் பாத்தா நம்மூர்க்காரனுக்குத் தெரிஞ்சு போயிரும், கிளுவை வேலி போட்ட கொரங்காடு (மாடு மேய விடற காடு), நடுவால வெள்வேல மரம், தூரத்துல மலைமேல ஒரு கோயலு, கெணத்து மேட்டுல சாளை வீடு. பாக்கறதுக்கு நெம்ப நல்லா இருந்துச்சு. ஆடறதுக்குத்தான் நல்லா இல்ல.

டெமோவைக் குடுத்துப் பாத்ததுல ரெண்டு குறை வந்துச்சு. சண்டை சவ்வு மாதிரி இழுக்குது, கூட்டாளிங்க மனசுல நிக்கவே இல்ல. டீம்ல இதை ரெண்டு வேலையாப் பிரிச்சு, சண்டையைக் கோடிங் பாக்கற தம்பிக்கும் கூட்டாளியை ஈரோட்டுல இருந்து வர்ற ரைட்டர் அக்காவுக்கும் குடுத்துப்போட்டாங்க. என்னைச் சண்டைப் பக்கம் மட்டும் பாக்கச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க, போய் ரெண்டு நாள் மத்தவங்க ஆடறதைப் பின்னால நின்னு பாத்த உடனே சொல்லிட்டேன், இது ரெண்டு குறை இல்லீங்க, ஒரே குறைதான் ரெண்டு எடத்துல தெரியுதுன்னு. சண்டையில யாரு யாருன்னு தெரியாத கூட்டாளிக்குக் சண்டை முடிஞ்சு தங்கற கேம்ப்ல எவ்வளவு டயலாக் எழுதுனாலும் ஆடறவன் ஸ்கிப் பட்டனைத்தான் அமுக்குவான். இந்த ஆய்வு முழுக்க அதைச் சுத்தித்தான்.

சண்டை எங்க இழுத்துச்சு

மொதல்ல கணக்கு. டெமோவுல எல்லாருக்கும் அடி படற வாய்ப்பு 65 சதவீதம். கேக்கறதுக்கு நல்ல நம்பராட்டத்தான் இருக்கும், மூணுல ரெண்டு பட்டுருமேன்னு தோணும். ஆனா நாலு பேரு ஆளுக்கொரு அடி அடிக்கற பார்ட்டியில, ஒரு ரவுண்டுல ரெண்டு பேரோ அதுக்கு மேலயோ கோட்டை விடறதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு போட்டுப் பாருங்க, 44 சதவீதம் கிட்ட வருது. அதாவது பாதிக்குப் பாதி ரவுண்டுல பார்ட்டியில பாதிப் பேரு சும்மா காத்துல கத்தியைச் சுத்திட்டு நிக்கறாங்க. கேம் டிசைனர் சிட் மெயர் 2010ல ஜிடிசிங்கற கேம் பண்றவங்க மாநாட்டுல இதைப் பத்திப் பேசியிருக்காரு, ஜெயிக்க மூணு பங்கு தோக்க ஒரு பங்குன்னு வாய்ப்புக் காட்டிப்போட்டு அதுல தோத்தா ஆடறவனுக்குக் கணக்கு ஞாபகம் வராது, ஏமாத்திட்டாங்கன்னுதான் தோணும்னு.

அடுத்தது ஹெச்பி, அதாவது ஒருத்தன் விழறதுக்கு முன்னால எவ்வளவு அடி தாங்குவான்கற அளவு. எதிரி ஒருத்தனுக்கு 40, ஒரு அடிக்கு டேமேஜ் சராசரி 10, 65 சதவீதத்துல அது 6.5 ஆயிருது, ஆக ஒரு ஆளைச் சாய்க்க ஆறு அடிக்கு மேல வேணும். கொரங்காட்டுச் சண்டையில எட்டு எதிரி. எட்டையும் சாய்க்க 49 அடி, நாலு பேரு பார்ட்டிக்கு அது பன்னெண்டு ரவுண்டு. எதிரி ஆளுக்கு அஞ்சு செகண்ட் அனிமேஷன்னா மொதல் ரவுண்டுல மட்டும் நாப்பது செகண்ட் சும்மா வேடிக்கை பாக்கோணும். சோமனூர்ல இருந்து ஆடிப் பாக்க வந்த ஒரு பையன், நெம்பப் பொறுமையானவன், எதிரி டர்ன் வந்த உடனே பொட்டாட்டப் போனை எடுத்துருவான், அவனோட டர்ன் வர்றப்ப மணி அடிக்கும், போனைக் கீழ வெச்சுட்டு இருக்கறதுலயே கிட்டத்துல நிக்கற எதிரியை அமுக்குவான், மறுபடி போன். நாலாவது ரவுண்டுக்கு மேல யாரு யாரை அடிக்கறதுன்னு அவன் யோசிக்கவே இல்ல. எனக்கு அதுக்கப்பறம் வேற அளவுகோலே தேவைப்படல, யாரு எப்ப போனை எடுக்கறாங்கன்னு மட்டும் பாத்தேன்.

மிஸ் ஆகறதை எப்பிடிக் கொறைக்கறதுன்னு டீம்ல பெரிய வாக்குவாதமே நடந்துச்சு. ஒரு வழி, ஃபயர் எம்பளம் கேம் வரிசையில 2002ல வந்த பாகத்துல இருந்து பல பாகத்துல பண்ணுனாட்ட, அடி படுமான்னு பாக்கக் குலுக்கி எடுக்கற ஒரு நம்பருக்குப் பதிலா ரெண்டு நம்பர் எடுத்து சராசரி பாக்கறது. அதுல ஸ்கிரீன்ல 75னு காட்டும், உள்ளுக்குள்ள நெசமா 87க்கு மேல இருக்கும். நல்லா வேலை செய்யுது, யாரும் திட்டறதில்ல. ஆனா தம்பிக்கு அது பிடிக்கல, காட்டற நம்பர் பொய்யா இருக்கக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னான், எனக்கும் அதுல அவன் கட்சிதான். இன்னொரு வழி, 2015ல வந்த பில்லர்ஸ் ஆஃப் எட்டர்னிட்டியில இருந்தாட்ட மிஸ்ஸுக்கும் ஹிட்டுக்கும் நடுவால உரசல்னு ஒண்ணு வெக்கறது, பட்டும் படாம பாதி டேமேஜ். அதைத்தான் எடுத்தோம். பார்ட்டிக்கு முழு அடி 80, உரசல் 15, சுத்தமா மிஸ் 5. எதிரி ஹெச்பி 40ல இருந்து 30, எதிரி எண்ணிக்கை எட்டுல இருந்து அஞ்சு. கணக்குப்படி பன்னெண்டு ரவுண்டு சண்டை நாலு அஞ்சு ரவுண்டுல முடியுது, ரெண்டு பேரு ஒட்டுக்கா மிஸ் ஆகறது நூறு ரவுண்டுக்கு ஒண்ணோ ரெண்டோதான்.

இதுல ஒரு ஆபத்து இருக்குது, சண்டை சின்னதாச்சுன்னா யோசிக்கறதுக்கும் எடம் சின்னதாயிரும். அதுக்குத்தான் எண்ணிக்கையைக் கொறைச்சுப்போட்டு அஞ்சு எதிரிக்கும் தனித்தனி வேலை குடுத்தோம், ஒருத்தன் கவண் வெச்சிருக்கறவன், ஒருத்தன் ஈட்டியோட பாதையை மறிக்கறவன், ஒருத்தன் கொம்பூதி ஆளைக் கூப்புடறவன். கொரங்காட்டையும் சும்மா படமா விடல. கிளுவை வேலி முள்ளும் கொப்புமா அடர்த்தியா இருக்கும், அதைத் தாண்ட முடியாது, ஆனா இந்தப் பக்கம் நின்னா கவண் கல்லு பாதிக்குப் பாதி தடுத்துரும். உள்ள போக ஒரே வழி படல். படலுக்கு நேரா ஒரு ஆளை நிறுத்துனா எதிரி அவனைத் தாண்டி வர்றப்ப ஒரு அடி வாங்கித்தான் வரோணும். இந்த ஒரு விசயத்துலயே சோமனூர்ப் பையன் போனைக் கவுத்து வெச்சுட்டான், படலை யாரு பிடிக்கறதுன்னு பக்கத்துல இருக்கறவன்கிட்டக் கேக்க ஆரம்பிச்சுட்டான்.

மேட்டுல நின்னா போனஸ் குடுக்கறதைப் பத்தியும் பேச்சு வந்துச்சு. பால்டர்ஸ் கேட் 3ங்கற கேம், 2020 அக்டோபர்ல ஏர்லி ஆக்சஸா, அதாவது முழுசா முடியறதுக்கு முன்னாலயே விக்கறதா வந்தப்ப மேட்டுல நின்னாலே ரெண்டு டைஸ் போட்டுப் பெருசை எடுத்துக்கலாம்னு இருந்துச்சு, அதனால எல்லாரும் எல்லாச் சண்டையிலயும் ஏணியைத் தேடிட்டே இருந்தாங்க, அப்பறம் 2023ல முழு கேம் வர்றதுக்குள்ள அது வெறும் பிளஸ் 2ன்னு எறங்கிருச்சு. ஒரே ஒரு வழி எப்பவும் ஜெயிக்குதுன்னா அது வழியில்ல, வரி கட்டறது. நாங்களும் மேட்டுக்குச் சின்ன போனஸ்தான் வெச்சோம். அதுக்கு மேல அதைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல.

கூட்டாளிங்க: டயலாக்ல ஆறு பேரு, சண்டையில ஒரே ஆளு

ரைட்டர் அக்கா எழுதுனதைப் படிச்சா ஒவ்வொருத்தரும் அப்பிடி இருந்தாங்க. மருந்து தெரிஞ்ச ஒரு அமுச்சி (பாட்டி), காளையோட வர்ற மாட்டுக்காரரு, உடுக்கை அடிச்சுப் பாடற பெரியவரு, ஒரு களவாணிப் பையன், வில்லுக்காரப் பொண்ணு, அப்பறம் ஒரு நாய். சண்டைக்குள்ள வந்தா எல்லாருக்கும் கீழ ஆறு பட்டன், அடி, பெரிய அடி, கூல்டவுன் (மறுபடி அடிக்கக் காத்திருக்கற நேரம்), பஃப் (பலம் ஏத்தறது). அமுச்சி பச்சைக் கலர்ல கையைத் தூக்கும், பெரியவரு மஞ்சள் கலர்ல கையைத் தூக்குவாரு. எல்லாரும் அமுச்சியைக் கூட்டிட்டுப் போனாங்க, ஏன்னா வைத்தியம் பாக்கற ஹீலர். மாட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போனாங்க, ஏன்னா முன்னால நின்னு அடியைத் தாங்கற டேங்க். பேரு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல.

பழைய கேமுங்க இதை எப்பிடிச் சமாளிச்சுதுன்னு உக்காந்து பாத்தோம். 1998ல வந்த மொதல் பால்டர்ஸ் கேட்ல கூட்டாளிங்க பேசறது கொஞ்சந்தான், ஆனா நல்லவனையும் கெட்டவனையும் ஒட்டுக்கா வெச்சிருந்தா ஒரு நாள் அவங்களுக்குள்ளயே வெட்டிக்குவாங்க, அதை ஆடுனவன் மறக்கறதில்ல. 2006ல ஃபைனல் ஃபேண்டஸி 12ல கேம்பிட், 2009ல டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ்ல டாக்டிக்ஸ், ரெண்டுமே ஒரே யோசனைதான், இப்பிடி நடந்தா இப்பிடிச் செய்யின்னு வரி வரியா ஆடறவனே எழுதி வெக்கலாம். அதே ஆரிஜின்ஸ்ல கூட்டாளி நம்ம மேல வெச்சிருக்கற பிரியம் மைனஸ் 100ல இருந்து பிளஸ் 100 வரைக்கும் ஒரு மீட்டராவும் இருந்துச்சு, ஆனா பரிசு வாங்கிக் குடுத்தே அதை ஏத்திரலாம், ஊரையே எரிச்சாலும் ஒரு கம்மல் குடுத்தா சரியாப் போச்சு. அதே டிராகன் ஏஜ் வரிசையில 2024ல வந்த வெயில்கார்டுல கூட்டாளி ரெண்டு பேருதான், அவங்களை நாம நேரடியா ஓட்ட முடியாது, அவங்க அடிபட்டு விழவும் மாட்டாங்க. தொந்தரவு இல்ல, சரி. ஆனா விழவே மாட்டான்னு தெரிஞ்சவனைப் பத்தி நான் எதுக்கு வெசனப்படோணும்?

நாங்க செஞ்சது இந்த டாக்டிக்ஸ் வரியையே கொஞ்சம் திருப்பிப் போட்டது. ஆடறவன் எழுதற வரிங்க அப்பிடியே இருக்கட்டும், ஆனா ஒவ்வொரு கூட்டாளிக்கும் மேல ஒரு வரி இருக்கும், அதை அழிக்க முடியாது. டீம்ல அதுக்குத் தன்புத்தின்னு பேரு வெச்சுக்கிட்டாங்க. அமுச்சியோட தன்புத்தி: பார்ட்டியில யாராவது மொத தடவை பாதி ஹெச்பிக்குக் கீழ போனா, அமுச்சி மருந்துப் பையைத் தூக்கிட்டு நேரா அவங்க பக்கத்துல ஓடிரும், நடுவால எதிரி நின்னாலும் சரி. களவாணிக்கு: எதிரி எண்ணிக்கை நம்மளை விட ஜாஸ்தின்னா ஒரு தடவை ஒளிஞ்சுக்குவான். மாட்டுக்காரருக்கு: காளையை எவன் அடிச்சானோ அவனைத் தவுத்து வேற யாரையும் ஒரு டர்னுக்குப் பாக்க மாட்டாரு.

இதைச் சொன்ன உடனே தம்பி குதிச்சான். ஆடறவன் கையில இருந்து கன்ட்ரோலைப் புடுங்குனா திட்டுவாங்கண்ணா, ஆர்பிஜில அதுதாண்ணா பெரிய பாவம்னான். அவன் சொன்னது நெசந்தான், பச்சையா வெச்சா அப்பிடித்தான் ஆயிருக்கும். அதனால மூணு கடிவாளம் போட்டோம். தன்புத்தி ஒரு சண்டைக்கு ஒரு தடவைதான், அதுவும் அவங்க டர்னைத் தின்னாது, டிஅண்ட்டில (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டைஸ் போட்டு மேசையில ஆடற ஆர்பிஜி) தன் டர்ன் இல்லாதப்பவும் செய்யற ரியாக்‌ஷன் வர்றாட்ட தனியா நடக்கும். நடக்கறதுக்கு முன்னாலயே தலைக்கு மேல ஒரு அடையாளம் வரும், இப்ப இவன் அடிபட்டா அமுச்சி கெளம்பிரும்னு தெரியும். வேண்டாம்னா ஹீரோ ஒரு சத்தம் போட்டு நிறுத்தலாம், ஆனா அதுக்கு ஹீரோவோட அந்த டர்ன் போயிரும், கேம்ப்ல அதைப் பத்தி ஒரு பேச்சும் வரும். இன்னொண்ணு, ஒவ்வொரு தன்புத்தியிலயும் பாதி லாபம் பாதி நட்டம் இருக்கோணும்னு கறாரா இருந்தோம். களவாணி ஒளிஞ்சா முன்னால ஒரு ஆளு கொறையுது, ஆனா அடுத்த டர்ன்ல பின்னால இருந்து அவன் குத்தறது பெரிய குத்து. அமுச்சி ஓடிப் போனா வைத்தியம் இரட்டிப்பு, ஆனா ஈட்டிக்காரன் முன்னால நிக்குது.

இப்ப அந்தக் கொரங்காட்டுச் சண்டையே வேற ஆயிருச்சு. திருப்பூர்ல இருந்து நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்த ஒரு ஆளு, தூக்கக் கலக்கத்துல, ஹீரோவைப் படலுக்கு வெளிய நிறுத்திப்போட்டாரு. ஹீரோ பாதிக்குக் கீழ போன உடனே வேலிக்கு இந்தப் பக்கம் பத்திரமா இருந்த அமுச்சி படலைத் தாண்டி வெளிய ஓடுது, ஓடிட்டே, ஏஞ்சாமி இப்பிடியா முன்னால போய் நிப்பேன்னு ஒரு அதட்டு. அவரு நிமுந்து உக்காந்துட்டாரு. அய்யோ அமுச்சி நீ எங்க வர்றேன்னு ஸ்கிரீனைப் பாத்துப் பேசறாரு. அப்பறம் ரெண்டு டர்னு முழுக்க அமுச்சியை எப்பிடி உள்ள கூட்டிட்டு வர்றதுன்னுதான் ஆடுனாரு, எதிரியைச் சாய்க்கறதையே விட்டுட்டாரு. சண்டை முடிஞ்சதும் யாரும் சொல்லாம அவரே கேம்ப்புக்குப் போயி அமுச்சிகிட்டப் பேசுற பட்டனை அமுக்குனாரு, எதுக்கு இது சும்மா முன்னால ஓடுதுன்னு கேக்கறதுக்கு. அங்கதான் அக்கா எழுதி வெச்ச கதை இருக்குது, பேரன் ஒரு சண்டையில விழுந்தப்ப பக்கத்துல இல்லாமப் போன கதை. பழைய டெமோவுல எல்லாரும் ஸ்கிப் பண்ணுன அதே டயலாக், ஒரு வார்த்தை மாத்தல. அவரு முழுசா கேட்டாரு.

அதுக்கு மேல அக்கா ஒண்ணு பண்ணுனாங்க, எனக்கு இந்த வேலையிலயே பிடிச்சது அதுதான். அமுச்சி கதை முடியறப்ப தன்புத்தி வரி மாறிரும். ஓடிப் போகாம நின்ன எடத்துல இருந்தே மருந்து உருண்டையை வீசும். பிரியம் இவ்வளவுன்னு மீட்டர் காட்டறதுக்குப் பதிலா அந்த மனுசி சண்டையில நடந்துக்கறதே மாறுது. சில பேரு அதுக்கப்பறமும் பழைய அமுச்சியையே கேட்டாங்க, வைத்தியம் இரட்டிப்பா இருந்துதேன்னு. கேக்கட்டும்.

உடுக்கைப் பெரியவருக்குத் தன்புத்தி எழுதறதுக்கு முன்னால அவரோட சண்டை முறையையே மாத்த வேண்டியிருந்துச்சு. அவரு அடிக்கற தாளம் கேக்கற தூரத்துல இருக்கறவங்களுக்குப் பலம் கூடும், ஆனா அவரு நகந்தா தாளம் நின்னுரும், மறுபடி மொதல்ல இருந்து ஏத்தோணும். டிஅண்ட்டியோட அஞ்சாவது பதிப்புல மந்திரம் பிடிச்சு நிக்கறவன் அடிபட்டா டைஸ் போட்டுத் தப்பிக்கோணும்னு இருக்குது, எங்களுக்கு அவ்வளவு கணக்கு வேண்டாம்னு விட்டுட்டோம், நகந்தா போச்சு, அவ்வளவுதான். அதனால அவரை எங்க உக்கார வெக்கறோமோ அதைச் சுத்தித்தான் மத்த மூணு பேரும் நிக்கறாங்க.

குரல் விசயம் சின்னதுதான் ஆனா எரிச்சல் பெருசு. ஒவ்வொரு அடிக்கும் மாட்டுக்காரரு வாடா வாடான்னு கத்திட்டே இருந்தாரு, அரை மணி நேரத்துல ஆடறவங்க சத்தத்தையே கொறைச்சு வெச்சுட்டாங்க. இப்ப நெலமை மாறுனாத்தான் பேசுவாங்க, ஒருத்தர் விழுந்தா, தாளம் நின்னா, படல் ஒடைஞ்சா.

கேம்ப்ல விட்டுட்டு வந்தவங்க

ஆறுல மூணு பேரு எப்பவும் வெளிய. பால்டர்ஸ் கேட் 3ல கேம்ப்ல இருக்கறவங்களும் ஒட்டுக்கா லெவல் ஏறிருவாங்க, அதை அப்பிடியே எடுத்துக்கிட்டோம், இல்லாட்டி மொதல்ல எடுத்த மூணு பேரையே கடைசி வரைக்கும் இழுத்துட்டுப் போவாங்க. ஆனா லெவல் ஏறுனா மட்டும் அவங்களைக் கூப்பிடோணும்னு தோணாதே.

இதுக்கு யோசனை உடுக்கடிப் பாட்டுல இருந்துதான் வந்துச்சு. பொன்னர் சங்கர் அண்ணன் தம்பியைப் பத்தின அண்ணமார் கதையைச் சின்ன வயசுல கேட்டவங்களுக்குத் தெரியும், கொம்பன் பன்னியை வேட்டையாடப் போறப்ப அந்தக் குட்டி நாயை மட்டும் விட்டுட்டுப் போயிருவாங்க, அது கோவிச்சுக்கும், கடைசியில அது வந்தாத்தான் பன்னி விழும். விட்டுட்டுப் போனதுக்கு ஒரு வெலை இருக்குது, திரும்பக் கூப்புட்டதுக்கு ஒரு பலனும் இருக்குது. கூட்டாளி முறைக்கு இதை விட நல்ல டிசைன் குறிப்பு எனக்கு எங்கயும் கெடைக்கல, நம்மூர்ல ராத்திரி முழுக்கப் பாடற கதைக்குள்ளயே கெடக்குது.

அதனால கேம்ப்ல விட்டவங்க சும்மா உக்கார மாட்டாங்க. நாயைத் தொடர்ந்து மூணு சண்டைக்கு விட்டுட்டுப் போனா நாலாவது சண்டைக்குக் கூப்புட்டாலும் வராது, அதுக்கு அடுத்ததுல சொல்லாமயே வந்து நிக்கும், அஞ்சாவது ஆளா, அந்த ஒரு சண்டைக்கு மட்டும். களவாணியை விட்டுட்டுப் போனா கேம்ப்ல மாட்டுக்காரரோட சாமானம் காணாமப் போகும், அந்தத் தகராறைத் தீத்து வெக்கற வரைக்கும் சண்டையில ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் கை குடுக்க மாட்டாங்க. வில்லுக்காரப் பொண்ணு மட்டும் எதுவுமே செய்யாது, அதைத் தனியா விட்டாத்தான் அதுக்கு நிம்மதி. அப்பிடியும் ஒருத்தி இருக்கோணுமில்ல.

என்ன மாறுச்சு, என்ன மாறல

கேமை மாத்தி எடுத்த அடுத்த பில்டுல எதிரி டர்ன்லயும் ஆளுங்க ஸ்கிரீனைப் பாத்துட்டு இருந்தாங்க, ஏன்னா எதிரி யாரை அடிக்கறான்கறதைப் பொறுத்து எந்தத் தன்புத்தி கெளம்பும்னு அவங்களுக்குத் தெரிஞ்சாகோணும். கூட்டாளியைப் பேரு சொல்லிப் பேசுனாங்க, திட்டறப்பவும் பேரு சொல்லித்தான் திட்டுனாங்க.

ஆனா அமுச்சியை இன்னமும் எல்லாரும் கூட்டிட்டுத்தான் போறாங்க, ஹீலர் இல்லாம ஆடறதுக்குப் பயம். மத்தவங்களுக்கும் கொஞ்சம் வைத்தியம் குடுக்கலாமான்னு கேட்டா அக்கா ஒத்துக்கல, அப்பறம் அமுச்சி எதுக்குன்னு கேக்கறாங்க, அதுவும் நாயந்தான். இப்போதைக்குச் சண்டைக்கு நடுவால தானா கொஞ்சம் ஹெச்பி ஏறறாட்ட ஒண்ணு வெச்சுப் பாத்துட்டு இருக்காங்க, அதுல கஷ்டமே இல்லாமப் போயிருச்சுன்னு புகார் வருது. நாய் அஞ்சாவது ஆளா வர்ற சண்டை எல்லாமே நெம்பச் சுலபமாயிருது, அதனால சில கில்லாடிங்க பெரிய சண்டைக்கு முன்னால வேணும்னே மூணு தடவை விட்டுட்டுப் போறாங்க. நாய் கோவத்தைக் கணக்குப் போட்டு ஆடறாங்க. அதை அடைக்கறதுக்கு, நாய் எந்தச் சண்டைக்கு வரும்கறதை அதுவே முடிவு பண்ணட்டும்னு தம்பி எழுதிட்டு இருக்கான். ஆடறவன் கையில இருந்து கன்ட்ரோலைப் புடுங்கக் கூடாதுன்னு குதிச்ச அதே தம்பிதான்.